சும்மா இருக்கும்போது எம்புட்டுத் தின்னுது?

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது, கொடைக்கானல் பக்கம் பழனி மலைத்தொடரில் இருந்த எங்கள் ரிப்பீட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. புயல் டெல்டாவைத் தாண்டி மேற்கே நகர்ந்து, மலையிலும் மரங்களைச் சாய்த்த பிறகு மதியவாக்கில் அங்கே கரண்ட் போனது. அப்போதும் அது நிற்கவில்லை, பேட்டரிக்கு மாறிக்கொண்டது. மறுநாள் விடிவதற்குள் அடங்கிவிட்டது. புதுக்கோட்டைப் பக்கம் செல்பேசி சிக்னல் இல்லாமல் ஊர் ஊராகத் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. எந்த நாளுக்காக இதை வைத்திருக்கிறோம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோமோ, அந்த நாளில் அது இல்லை.

ஹாம் என்று சொல்லப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் நாங்கள். தேர்வு எழுதி, மத்திய அரசிடம் உரிமம் வாங்கி, வி.யு.2 என்றோ வி.யு.3 என்றோ தொடங்கும் அழைப்புக்குறியோடு பேசுகிறவர்கள். கையில் இருக்கும் 5 வாட் கருவியை வைத்துக்கொண்டு சமவெளியில் பேசினால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனாலே பெரிது. அதே குரலை மலை உச்சியில் ஒரு கருவி வாங்கி, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வேறொரு அலைவரிசையில் அந்தக் கணமே திருப்பி வீசினால் கதை மாறிவிடும். அந்தக் கருவிதான் ரிப்பீட்டர். 2000 மீட்டர் உயரத்திலிருந்து ரேடியோ அடிவானம் கணக்குப்படி 184 கி.மீ. வரை விரியும். மதுரை, தேனி, திண்டுக்கல், திருச்சி எல்லாம் அதற்குள் அடக்கம். ஆலங்குடிப் பக்கம் ஒரு நண்பர் மொட்டைமாடியில் யாகி ஆன்டெனாவை மேற்கே திருப்பி வைத்து எங்களோடு தினமும் பேசுவார். கஜா அன்று அவர் வீட்டுத் தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆன்டெனா மட்டும் எப்படியோ நின்றது. கரம்பக்குடி, கீரமங்கலம் பக்கத்து நிலவரத்தையெல்லாம் அவர் வழியாகத்தான் மதுரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். பாதிப் பேச்சில் ரிப்பீட்டர் போனது. அவர் குரல் அதற்குப் பிறகு எங்களுக்கு எட்டவில்லை.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேருக்குப் போயிருந்த ஹாம் குழு அந்தமானுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே செய்தி கடத்திய கதையைச் சொல்லாத ஹாம் கூட்டம் கிடையாது. நியாயமான பெருமைதான். ஆனால் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அவர்களுக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்று கேள்வி கேட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆன்டெனாவைப் பற்றி விடிய விடியப் பேசுவோம். கோஆக்சியல் கேபிளில் அரை டெசிபல் போகிறது என்று சண்டை போடுவோம். பேட்டரி என்றால் மட்டும், “அது கெடக்குது, இன்வெர்ட்டர் போட்டிருக்கு” என்று முடித்துவிடுவோம்.

பாதையில் விழுந்த மரங்களை அறுத்து வழி விட்ட பிறகு மேலே போனோம். எங்களோடு வந்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் மதுரைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியர். எங்கள் எல்லோருக்கும் ‘சார்’. இன்னொருவர் வத்தலக்குண்டுக்காரர். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வுபெற்று, அறுபது வயதுக்கு மேல் ஹாம் தேர்வு எழுதித் தேறியவர். அவரை ‘வயர்மேன் அண்ணன்’ என்றே கூப்பிடுவோம். சார் பேசினால் கரும்பலகையில் எழுதுவது போல இருக்கும். அண்ணன் பேசவே மாட்டார், மீட்டரை நீட்டுவார்.

ரிப்பீட்டர் இருந்தது ஓர் எஸ்டேட்டின் பழைய அவுட்ஹவுஸில். தகரக் கூரை, சுவரெல்லாம் ஈரம், வாசலில் காட்டெருமைச் சாணம். உள்ளே வண்டியில் வைக்கும் பழைய ரேடியோக் கருவிகள் இரண்டு ஒரு அலமாரியில், பக்கத்தில் டூப்ளெக்ஸர் உருளைகள். அதற்கு 13.8 வோல்ட் கொடுக்க ஒரு எஸ்.எம்.பி.எஸ். அதற்கு 230 வோல்ட் கொடுக்க, வீடுகளில் இருக்கிற சாதாரண இன்வெர்ட்டர். அதற்கு உயிர் கொடுக்க வராந்தாவில் 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி. யாரோ நன்கொடையாகக் கொடுத்த பொருள்களை வைத்து எப்போதோ அமைத்தது. ஓடுகிறவரை யாரும் கேள்வி கேட்கவில்லை.

கரண்ட் வந்து பேட்டரி ஏறிய பிறகு, எல்லோரும் பேட்டரி செத்துவிட்டது, இன்னும் பெரிதாக ஒன்று வாங்கிப் போட வேண்டியதுதான் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மெயின்ஸ் எம்.சி.பி.யைக் கீழே தட்டினார். பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டினார். “யாரும் பேசாதீங்க, வாக்கியையும் அமுக்காதீங்க” என்றார். கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கேட்டார்:

“தம்பி, இது சும்மா இருக்கும்போது எம்புட்டுத் தின்னுது, தெரியுமா?”

மீட்டர் 3 ஆம்பியரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒருவரும் பேசவில்லை, ரிப்பீட்டர் காதை மட்டும் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது, அதற்கு 3 ஆம்பியர். பிறகு அண்ணன் இன்வெர்ட்டரையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் ஒதுக்கிவிட்டு, பேட்டரியிலிருந்து இரண்டு வயரை நேராக ரிப்பீட்டருக்கு இழுத்தார். அது எழுந்து பீப் கொடுத்தது. மீட்டரில் 0.9.

“சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்றார் அண்ணன்.

சார் உடனே காகிதத்தை எடுத்துவிட்டார். பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்குவது, அந்த 230-ஐ மறுபடியும் 13.8 ஆக்குவது, இரண்டு இடத்திலும் சேதாரம். அதைவிட மோசம், இன்வெர்ட்டர் தன்னை விழித்த நிலையில் வைத்துக்கொள்ளவே பதினைந்து இருபது வாட் எடுக்கும். வீட்டில் நாலு ஃபேன், டிவி என்று ஓடும்போது இது யார் கண்ணிலும் படாது. 12 வாட் தின்கிற ரிப்பீட்டருக்கு இது பெரிய சுமை. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும் என்பதால் 150-இல் 75-ஐத்தான் கணக்கில் எடுக்கலாம். 3 ஆம்பியர் வீதம் எடுத்தால் யாரும் ஒரு வார்த்தை பேசாமலே 25 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 0.9 என்றால் மூன்றரை நாள் தாங்கும். பேட்டரியை மாற்றவில்லை, ஒரு பைசா செலவில்லை, வழியிலிருந்த இரண்டு பெட்டிகளை எடுத்ததற்கே இந்த வித்தியாசம்.

பேசும்போது கதை வேறு. 25 வாட் வெளியே வீச 7 ஆம்பியர் வேண்டும். புயல் நாளில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள் என்று வைத்தால் சராசரி 2 ஆம்பியருக்கு மேல் வரும். 75-ஐ அதால் வகுத்தால் ஒன்றரை நாள். கலிபோர்னியாவில் 2020-இல் காட்டுத்தீ அபாயம் அதிகமுள்ள பகுதிகளில் செல்பேசி நிறுவனங்கள் 72 மணி நேர மாற்று மின்சாரம் வைத்திருக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதி போட்டது. சார் அதற்கு முன்பே அதே 72 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டார். பிறகு நாங்கள் செய்ததெல்லாம் அந்த 72-க்கான கணக்குதான்.

இன்வெர்ட்டரை எடுத்துவிட்டு, மெயின்ஸிலிருந்து ஒரு சார்ஜர் பேட்டரிக்கு, பேட்டரியிலிருந்து நேராக ரிப்பீட்டருக்கு என்று மாற்றினோம். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரிப்பீட்டர் எப்போதும் பேட்டரியில்தான் இருக்கும். மாறுகிற வேலையே கிடையாது, மாறும்போது தடுமாறுகிற பேச்சும் கிடையாது. எடுத்த இன்வெர்ட்டர் எஸ்டேட் காவல்காரர் வீட்டுக்குப் போனது. அங்கே அது ஒரு குறையும் இல்லாமல் இன்றும் டிவி ஓட்டுகிறது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், அண்ணன் விடவில்லை. ஓடுகிறது என்பதை அவர் ஒத்துக்கொள்வதே இல்லை. பேட்டரி இறங்கிய நிலையில் ஓடுகிறதா என்றுதான் கேட்பார். அதனால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு பகல் முழுக்கப் பேசிப் பேசிப் பேட்டரியை இறக்கினோம். சாயங்காலவாக்கில் ரிப்பீட்டருக்கு விக்கல் வந்தது. வாக்கியை அமுக்கினால் ரிப்பீட்டர் எழும், உடனே சாகும், மறுபடி உயிர் பெறும், மறுபடி சாகும். பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் 11.9 வோல்ட். ரிப்பீட்டர் சாக வேண்டிய வோல்டேஜ் அது இல்லை.

“பேட்டரிகிட்ட அளக்காதீங்க சார். ரேடியோகிட்ட அளங்க. அதுவும் அமுக்கிக்கிட்டே அளங்க” என்றார் அண்ணன்.

அமுக்கிக்கொண்டே அளந்தால் ரேடியோ முனையில் 10.8. நடுவில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது. எங்கே போனது என்று தேட அண்ணன் கையாண்ட முறை எளிது: மீட்டரின் ஒரு முனையை வயரின் தொடக்கத்திலும் மறுமுனையை அதே வயரின் முடிவிலும் வைத்து, அமுக்கச் சொல்லிப் பார்ப்பது. நல்ல இணைப்பில் மீட்டர் ஏறக்குறைய அசையாது. அசைகிற இடத்தில் திருடன் இருக்கிறான். வராந்தாவிலிருந்து உள்ளே வந்த வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், போக 5 மீட்டர், வர 5 மீட்டர். அந்தக் கனத்துச் செம்பு ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை ஓம் அளவு தடை கொடுக்கும். 10 மீட்டருக்கு 0.074 ஓம், 7 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் அங்கேயே போயிற்று. மிச்சம் போனது ஃபியூஸ் ஹோல்டரில். கண்ணாடி ஃபியூஸைப் பிடிக்கும் பித்தளைக் கவ்வி மலை ஈரத்தில் பச்சை பூத்துக் கிடந்தது. விரலால் தொட்டால் சுட்டது. ஃபியூஸ் போகவில்லை, வயர் அறுகவில்லை, எல்லாம் ‘சரியாக’ இருந்தது. பேட்டரி நிறைந்திருக்கும்போது அந்த ஒரு வோல்ட் இழப்பை யாரும் உணர மாட்டார்கள். தேவைப்படுகிற நாளில் மட்டும் அது வந்து நிற்கும்.

பேட்டரியை உள்ளேயே ரேடியோவுக்கு அருகில் கொண்டுவந்து, காற்றுப் போக மேலும் கீழும் துளை வைத்த மரப்பெட்டியில் வைத்தோம். கனமான வயர். பேட்டரி முனையை ஒட்டியே கத்தி ஃபியூஸ். முனைகளில் கிரீஸ். இதெல்லாம் அண்ணன் ஒரு மத்தியானத்தில் செய்து முடித்த வேலை. பாதி நேரம் பொருத்தமான லக் தேடியதில் போனது.

பழைய பேட்டரியைத் திறந்து பார்த்தது தனிக் கதை. தண்ணீர் மட்டம் காட்டும் மிதவைகள் ஒன்று விடாமல் உள்ளே இறங்கிக் கிடந்தன. மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால் தகடுகளின் தலை தண்ணீருக்கு மேலே வெளுத்துத் தெரிந்தது. ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல்லில் 1.220 பக்கம் காட்டியது, ஒன்றில் மட்டும் 1.100. தண்ணீர் யார் ஊற்றுவது என்று விசாரித்தால், காவல்காரர் முன்வந்து, தான்தான் அவ்வப்போது ஊற்றுவதாகச் சொன்னார். என்ன தண்ணீர்?

“சுனைத் தண்ணி சார். கடையில விக்கிறதைவிடச் சுத்தம். நாங்க குடிக்கிறதே அதைத்தான்.”

யார் அவரைக் குறை சொல்ல முடியும்? குடிக்க நல்ல தண்ணீரில் உப்பும் தாதுவும் இருக்கும். பேட்டரிக்கு அதுதான் ஆகாது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி வைத்து, பொறுப்பை அவர் மனைவியிடம் ஒப்படைத்தோம். அக்கா எழுதப் படிக்கத் தெரிந்தவர், கணக்கானவர். மாதம் ஒருமுறை மிதவையைப் பார்த்து, பெட்டி மூடியின் உள்பக்கத்தில் சாக்பீஸால் தேதி போடுவார். எங்கள் குழுவின் எந்த ஆவணமும் அவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டதில்லை.

குளிர் விஷயத்தையும் அங்கேதான் கற்றோம். சமவெளியில் 25 டிகிரிக்கு அளந்து வைத்த சார்ஜிங் வோல்டேஜ் மலையில் போதாது. லெட் ஆசிட் செல் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 3 மில்லிவோல்ட் கூட்ட வேண்டும். ஆறு செல், 10 டிகிரி குளிர் என்றால் கால் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம். அந்தக் கால் வோல்ட் கிடைக்காத பேட்டரி வருஷக் கணக்கில் அரைகுறையாகவே நிறைந்து, தகட்டில் சல்பேட் படிந்து, தன்னை 150 என்று சொல்லிக்கொண்டு 80 தான் தரும். புதுச் சார்ஜரின் வெப்ப உணரியைப் பேட்டரியின் விலாவில் ஒட்டிவைத்தோம். அறைச் சுவரில் ஒட்டினால் பயனில்லை.

ஒரே நாளில் வாங்கிய, ஒரே வகை 150 டியூபுலர் இரண்டை இணையாக வைத்த பிறகு ஒன்றரை நாள் மூன்று நாளானது. சாருடைய 72 வந்துவிட்டது. அவருக்கு அதுவும் போதவில்லை. ரிப்பீட்டரின் வீச்சைக் குறைக்கலாம் என்றார். கூட்டத்தில் பெரிய எதிர்ப்பு. 25 வாட்டை 10 ஆக்கினால் பாதிப் பேருக்குக் கேட்காது என்று சண்டை. சார் நிதானமாக, “25-லிருந்து 10 என்றால் 4 டெசிபல். உங்க மீட்டர்ல ஒரு எஸ் யூனிட்டுக்கே 6 டெசிபல். உங்களுக்குத் தெரியவே தெரியாது” என்றார். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் யாரிடமும் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ‘நெட்’ எனப்படும் எங்கள் கூட்டுப் பேச்சு முழுவதையும் 10 வாட்டில் ஓட்டினார். ஒரு புகாரும் வரவில்லை. அடுத்த வாரம் உண்மையைச் சொன்னதும், தேனியிலிருந்து ஒருவர், “எனக்கு அப்பவே குரல் மெலிஞ்ச மாதிரி இருந்துச்சு” என்றார். 7 ஆம்பியர் 4 ஆகிவிட்டது. கரண்ட் இல்லாத நேரத்தில் ரிப்பீட்டர் தானாகவே 10 வாட்டுக்கு இறங்கும்படி செய்தோம். பேச்சு முடிந்த பிறகும் ஐந்து விநாடி வீணாக வீசிக்கொண்டிருந்த வாலையும் ஒரு விநாடியாக வெட்டினோம்.

சோலார் பேனல் போட்டதில்தான் நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில் அடி விழுந்தது. பேனல் அளவைக் கணக்கிடும்போது வெயில் காலத்தைப் பார்க்கக் கூடாது. மலையில் ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்கில் மூடுபனி. நல்ல வெயிலில் 330 வாட் பேனல் ஒரு நாளில் ஒரு யூனிட்டுக்கு மேல் தரும். மூடுபனியில் அதில் கால் பங்கு வந்தால் பெரிது. அந்தக் கால் பங்கு ரிப்பீட்டரின் ஒரு நாள் சாப்பாட்டுக்குச் சரியாக வரும்படி எடுத்தோம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலர், நல்ல திறன். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

இரண்டு வாரம் கழித்துப் பழனியில் ஒரு கல்லூரி மாணவி, புதிதாக உரிமம் வாங்கியவர், நெட்டில் சந்தேகம் கேட்டார்: “காலைல ஆறு மணிக்கு ரிப்பீட்டர் எடுக்குது சார். பதினோரு மணிக்கு எடுக்க மாட்டேங்குது. சாயங்காலம் மறுபடி எடுக்குது. என் ஹேண்டில ஏதாவது கோளாறா?” பெரியவர்கள் ஆளுக்கொரு விளக்கம் கொடுத்தார்கள். வெப்பம், வளிமண்டலம், ஆன்டெனா. அவரோ விடாமல் மணிக்கொரு தரம் முயன்று பார்த்துக் குறித்து வைத்திருந்தார். வெயில் ஏற ஏற ரிப்பீட்டரின் காது மந்தமாகிறது, மேகம் மூடினால் தெளிகிறது. அந்தக் குறிப்பைக் கேட்டதும் சார் சிரித்துவிட்டார். கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒட்டுகிற சுற்று, வெட்டும்போதெல்லாம் ரேடியோ இரைச்சலைக் கொட்டுகிறது. பேனல் வயர்கள் அதற்கு ஆன்டெனா. தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரல்கள் அதில் முங்கிப்போகின்றன. மேலே போய்ப் பேனல் வயரைப் பிடுங்கியதும் பழனியிலிருந்து அவர் குரல் கணீரென்று வந்தது. வயர்களை முறுக்கினோம், ஃபெரைட் வளையம் மாட்டினோம், கன்ட்ரோலரை இரும்புப் பெட்டியில் அடைத்து மறுகோடிக்குத் தள்ளினோம். குறைந்ததே தவிரப் போகவில்லை. கடைசியில் அதைக் கழற்றிவிட்டு, அவ்வளவு வேகமாக வெட்டாத பழைய பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரையே போட்டோம். மின்சாரம் நஷ்டம்தான். காது கேட்காத ரிப்பீட்டருக்கு நிறைந்த பேட்டரி எதற்கு?

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த மாற்றம் செலவே இல்லாதது. எப்போதும் பேட்டரியிலேயே ஓடும் அமைப்பில் ஓர் ஆபத்து உண்டு: சார்ஜர் செத்தாலும் யாருக்கும் தெரியாது. பேட்டரி மெதுவாக இறங்கி மூன்றாம் நாள் எல்லாம் ஒன்றாகப் படுத்த பிறகுதான் தெரியும். அதனால் ரிப்பீட்டரின் பீப்பை மாற்றினோம். சார்ஜ் வந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு பேச்சு முடிவிலும் ஒரு பீப். வரவில்லை என்றால் இரண்டு பீப். அரை மணிக்கு ஒருமுறை அழைப்புக்குறியோடு பேட்டரி வோல்டேஜையும் மோர்ஸில் அடித்துச் சொல்லும். ஒரே இரவில் எங்கள் ஹாம்களின் குணம் மாறிவிட்டது. இரண்டு பீப் கேட்டால் வம்பளப்பு நிற்கும். சாம்பார் செய்முறை பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களும், “பேட்டரில இருக்குப்பா, அப்புறம் பேசலாம்” என்று எழுந்துவிடுவார்கள். சட்டம் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே போனால் ரிப்பீட்டரைத் துண்டிக்கும் ரிலேயும் உண்டு. அதிலும் ஒரு நுணுக்கம். 11.5-இல் துண்டித்ததும் சுமை நீங்கிய பேட்டரி தானாக 12-க்கு ஏறும். அதைப் பார்த்து உடனே சேர்த்தால் மறுபடி இறங்கும். ரிலே இரவெல்லாம் டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும். அதனால் 12.8 வந்தால்தான் மறுபடி சேர வேண்டும் என்று வைத்தோம். அதாவது உண்மையிலேயே சார்ஜ் வந்தால்தான்.

மாதம் ஒரு சனிக்கிழமை அக்கா எம்.சி.பி.யைத் தட்டிவிடுவார், ஞாயிறு நெட் முடிந்ததும் தூக்கிவிடுவார். இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது. நன்றாக ஓடுவதை எதற்கு நிறுத்த வேண்டும் என்பது பலருடைய வாதம். அண்ணனுக்குக் கோபமே வந்தது: “புயல் வந்து நிறுத்துறதுக்கு முன்னாடி நாம நிறுத்திப் பாக்கணும். நாம நிறுத்துனா கைல ஸ்பேனர் இருக்கும்.” அந்தச் சோதனைகளில் வெளிவந்தவை சின்னச் சின்ன விஷயங்கள்: எலி கடித்த வயர், தளர்ந்த நட்டு, ஒருமுறை சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு யாரோ போனுக்குச் சார்ஜ் போட்டிருந்தது. அக்காவிடம் ஒரு பழைய ரிசீவரைக் கொடுத்து வைத்திருந்தோம். சனிக்கிழமை அல்லாத நாளில் இரண்டு பீப் கேட்டால் போன் பண்ணுவார்: “தம்பி, ரெண்டு சத்தம் வருது. ஆனா எங்க வீட்ல கரண்ட் இருக்கு.” அந்த ஒரு வாக்கியத்தில் கோளாறு எங்கே என்பது முழுவதும் அடங்கியிருக்கும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பிறகு தளர்த்தியபோதும் கொடைக்கானல் மலைக்கு இ-பாஸ் இல்லாமல் ஏற முடியவில்லை. மாதக் கணக்கில் எங்களில் யாரும் அங்கே போகவில்லை. மிதவை பார்த்தது, தண்ணீர் ஊற்றியது, எம்.சி.பி. தட்டியது எல்லாம் அக்காதான். அந்த டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து பாம்பன் பக்கம் வந்து வலுவிழந்தது. மழையில் எங்கள் எஸ்டேட் லைனில் மரம் விழுந்தது. ரிப்பீட்டர் இரண்டு பீப்புக்கு மாறியது. சார் மதுரையில் காலையில் பல் விளக்கிக்கொண்டே மோர்ஸைக் கேட்டு, “12.5... 12.4...” என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் லைன் சரியானபோது 12.2-இல் நின்றது. அந்தத் தடவை பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி செய்தி எதையும் நாங்கள் கடத்தவில்லை. செல்பேசிகள் பெரும்பாலும் வேலை செய்தன. ஆலங்குடி நண்பர் மட்டும் தினமும் வந்து, “இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு, இரண்டு பீப்பைக் கேட்டதும் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

இப்போது பேட்டரிகளுக்கு வயதாகிவிட்டது. சார் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்க வேண்டும் என்கிறார். எடை பாதிகூட வராது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், 80 சதவீதம் வரை காலி செய்தாலும் கவலையில்லை. அண்ணனுக்கு இரண்டு ஆட்சேபம். ஒன்று, லித்தியத்தின் வோல்டேஜ் கடைசிவரை ஒரே மட்டமாக இருந்து திடீரென்று விழும்; மோர்ஸில் எண்ணைக் கேட்டு எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, டியூபுலர் செத்தால் அன்று சாயங்காலமே வத்தலக்குண்டில் ஒன்று வாங்கிப் பால் வண்டியில் ஏற்றிவிடலாம். லித்தியத்தின் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். போர்டு செத்தால் யாரிடம் போவது? சுழியத்துக்குக் கீழே குளிர் போனால் அதைச் சார்ஜ் செய்யவே கூடாது என்பதையும் எங்கேயோ படித்துவிட்டு வந்திருக்கிறார். அறைக்குள் அவ்வளவு குளிராது என்று சார் சொல்கிறார். ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாகிக் கிடப்பதை அக்கா போனில் சொல்லியிருக்கிறார்.

வாங்குவதென்று தீர்மானமாகிவிட்டது. ஆனால் பழையதை இறக்குவதற்கு முன் புதியதை அங்கேயே மூன்று நாள் கரண்ட் இல்லாமல் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது அண்ணனின் நிபந்தனை. அதுவும் உறைபனி விழுகிற வாரத்தில். சார் சம்மதித்துவிட்டார், அந்த வாரம் தன்னை மலைக்குக் கூப்பிடக் கூடாது என்ற நிபந்தனையோடு.